நான் கொடுக்கிறேனா, எனக்குக் கொடுக்கிறார்களா? ஆங்கில நிகழ்காலத்தில் செய்வினையும் செயப்பாட்டு வினையும்

மலேசியாவில், பினாங்கின் ஜார்ஜ் டவுனில், ஒரு நாசி கண்டார் (சோறும் பலவகைக் குழம்பும் விற்கும்) கடையில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் வங்கியில் கணக்குத் திறக்கப் போனார். அவருக்குச் சொந்த ஊர் சிவகங்கைப் பக்கம். கவுண்டரில் இருந்த பெண், மாதச் சம்பளம் எவ்வளவு என்று ஆங்கிலத்தில் கேட்டார். தம்பி தயங்காமல் பதில் சொன்னார்: "ஐ பே ஒன் தவுசண்ட் செவன் ஹன்ட்ரட்." அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்து, "டு ஹூம்?" என்றார். யாருக்கு என்று எதற்குக் கேட்கிறார்? தம்பிக்கு ஒன்றும் விளங்கவில்லை. 1,700 ரிங்கிட் அவர் வாங்கும் சம்பளம். 2025-இல் இந்த நாட்டில் குறைந்தபட்ச மாதச் சம்பளமாக வைத்த தொகையும் அதுதான். ஆனால் அவர் சொன்ன வாக்கியத்தின்படி, அவர் யாருக்கோ மாதாமாதம் 1,700 கட்டிக்கொண்டிருக்கிறார். சொல்லியிருக்க வேண்டியது, "ஐ ஆம் பெயிட் ஒன் தவுசண்ட் செவன் ஹன்ட்ரட்." நடுவே ஒரு 'ஆம்', 'பே' என்பது 'பெயிட்' ஆவது, இவ்வளவுதான் வித்தியாசம். பணம் போகும் திசையே மாறிவிட்டது.

வகுப்பில் அவர் இதைச் சொன்னபோது எனக்கு மனசு கேட்கவில்லை. ஐந்து வாரமாக அவருக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். "ஷி சிங்ஸ் எ சாங்" என்றால் "எ சாங் இஸ் சங் பை ஹெர்" என்று மாற்றத் தெரியும் அவருக்கு. கவுண்டர் முன்னால் நின்றபோது அந்தப் பாட்டு அவருக்குக் கைகொடுக்கவில்லை. அதற்குப் பிறகு நான் பாடம் நடத்தும் வரிசையையே மாற்றிவிட்டேன். அந்த வரிசையில்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு சின்ன ஏற்பாடு. ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். முதலில் வாய்விட்டுச் சொல்லுங்கள். காதில் ஏறிய பிறகு ஒரு நோட்டில் ஆங்கில எழுத்தில் எழுதிப் பாருங்கள். பேச்சில் வராதது தாளில் இருந்து பயனில்லை.

முதல் படி: 'பூட்டுவாங்க' என்று நீங்கள் சொல்லும் இடத்தைக் கவனியுங்கள்

"பழம் இராமனால் உண்ணப்பட்டது" என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். வீட்டில் யாரும் அப்படிப் பேசுவதில்லை. 'ஆல்', 'படு' இரண்டையும் செய்தித்தாளிலும் அறிவிப்புப் பலகையிலும்தான் அதிகம் பார்க்கிறோம். அதனாலேயே செயப்பாட்டு வினை என்றதும், இது நம் பேச்சில் இல்லாத சமாச்சாரம் என்று தோன்றிவிடுகிறது.

உண்மையில் நாம் நாள் முழுக்க அந்த வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கிறோம், வேறு உருவத்தில். "இந்தக் கேட்டை எத்தனை மணிக்குப் பூட்டுவாங்க?" "பத்து மணிக்குப் பூட்டிருவாங்க." யார் பூட்டுவார்கள்? காவலாளியா, முதலாளியா? கேட்டவருக்கும் அக்கறை இல்லை, சொன்னவருக்கும் அக்கறை இல்லை. கேட் பூட்டப்படுகிறது என்பதுதான் சேதி. "இங்க மீன் விப்பாங்களா?", "சம்பளத்தை ஏழாம் தேதி போடுவாங்க", "அந்த ரோட்டுல லாரிய விடமாட்டாங்க" எல்லாம் இதே வகை. ஆளைக் குறிக்காத இந்த 'வாங்க' வருகிற இடங்களில்தான் ஆங்கிலம் பெரும்பாலும் பாசிவ் வாய்ஸுக்கு, அதாவது செயப்பாட்டு வினைக்குப் போகிறது.

"தி கேட் இஸ் லாக்ட் அட் டென்."
"ஃபிஷ் இஸ் சோல்ட் ஹியர்."
"லாரீஸ் ஆர் நாட் அலவுட் ஆன் திஸ் ரோட்."

ஆகவே உங்களுக்கு நீங்களே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுதான்: 'வாங்க' என்றேனே, யாரு? பட்டென்று ஒரு ஆள் மனதில் வந்து, அவர் யார் என்பது முக்கியமாகவும் இருந்தால் செய்வினை. "யாரோ, வழக்கமா செய்யறவங்க" என்று பதில் வந்தால் பாசிவ்.

இங்கேயே ஒரு பொறி இருக்கிறது. 'பூட்டுவாங்க', 'விற்கப்படும்' இரண்டும் பார்வைக்கு எதிர்காலம். தமிழில் வழக்கமாக நடப்பதையும் எதிர்கால உருவத்தில்தான் சொல்கிறோம். "அப்பா தினமும் நாலு மணிக்கு எழுந்திருப்பார்" என்றால் நாளைக்கு மட்டும் எழுந்திருப்பார் என்று பொருள் இல்லை. அதே பழக்கத்தில் "ஃபிஷ் வில் பி சோல்ட் ஹியர்" என்று நம்மவர்கள் சொல்லிவிடுகிறார்கள். கேட்கிற ஆங்கிலக்காரர், மீன் கடை இனிமேல்தான் வரப்போகிறது என்று நினைத்துக்கொள்வார். தினசரி வழக்கம், விதி, எப்போதும் உண்மையாக இருப்பது மூன்றுக்கும் ஆங்கிலத்தில் சிம்பிள் பிரசென்ட், அதாவது சாதாரண நிகழ்காலம்தான். 'வில்' வேண்டாம்.

இரண்டாம் படி: செய்வினையில் இடம்தான் வேற்றுமை உருபு

செய்வினை எளிது என்று பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். நான் இங்கே கொஞ்சம் நிற்கச் சொல்வேன். பாசிவ் எதற்குப் பிறந்தது என்பது இங்கேதான் தெரியும்.

"தம்பி தட்டைக் கழுவுறான்", "தட்டைத் தம்பி கழுவுறான்". எப்படி மாற்றிப் போட்டாலும் கழுவுகிறவன் தம்பிதான். தட்டோடு ஒட்டிக்கொண்டிருக்கும் 'ஐ' உருபு அதைக் காப்பாற்றுகிறது. ஆங்கிலப் பெயர்ச்சொல்லுக்கு அந்த உருபு கிடையாது. வினைக்கு முன்னால் நிற்பவர் செய்கிறவர், பின்னால் நிற்பது செய்யப்படுவது. "தி மேனேஜர் கால்ஸ் தி குக்" என்றால் கூப்பிடுவது மேனேஜர். இடத்தை மாற்றி "தி குக் கால்ஸ் தி மேனேஜர்" என்றால் கூப்பிடுவது சமையல்காரர். ஆக, தட்டைப் பற்றியே முதலில் பேச வேண்டும் என்று ஆசைப்பட்டால், தமிழ்போல அதைத் தூக்கி முன்னால் வைத்துவிட முடியாது. தட்டே கழுவுவதாக ஆகிவிடும். தட்டை முன்னால் கொண்டுவரவும் வேண்டும், அது கழுவவில்லை, கழுவப்படுகிறது என்று காட்டவும் வேண்டும். அதற்குத்தான் ஆங்கிலம் பாசிவை வைத்திருக்கிறது.

செய்வினையில் மறக்கக் கூடாதது, 'ஹி', 'ஷி', 'இட்' அல்லது ஒற்றை ஆள், ஒற்றைப் பொருள் முன்னால் வந்தால் வினையின் கடைசியில் ஒரு 'ஸ்' ஒலி. "ஐ வாஷ் தி பிளேட்ஸ்." "ஹி வாஷஸ் தி பிளேட்ஸ்." மற்றவர்களுக்கு அது இல்லை. இன்னொன்று, தமிழில் "கழுவுறேன்" என்றால் போதும், நான் என்பது வினைக்குள்ளேயே இருக்கிறது. ஆங்கிலத்தில் 'ஐ' என்று வாய்திறந்து சொல்லியே ஆக வேண்டும்.

மூன்றாம் படி: ஆம், இஸ், ஆர். பிறகு வினையின் மூன்றாம் வடிவம்

கட்டுவது இப்படி. செயப்படுபொருளை முன்னால் வையுங்கள். அது 'ஐ' என்றால் 'ஆம்'. ஒன்று என்றால் 'இஸ்'. பல என்றாலும் 'யு', 'வி', 'தே' என்றாலும் 'ஆர்'. அடுத்து வினையின் மூன்றாம் வடிவம், அதாவது 'டேக், டுக், டேக்கன்' என்று அடுக்கும்போது கடைசியாக வருவது.

"ஹி வாஷஸ் தி பிளேட்ஸ்." அதையே திருப்பினால், "தி பிளேட்ஸ் ஆர் வாஷ்ட்." முன்னால் வந்தது 'பிளேட்ஸ்', பல. அதனால் 'ஆர்'. கழுவுகிறவர் ஒருவர்தானே என்று 'இஸ்' போட்டுவிடாதீர்கள். முன்னால் நிற்பதைப் பார்த்துத்தான் இஸ்ஸோ ஆரோ வரும். 'ரைஸ்', 'வாட்டர்', 'மணி', 'ஃபுட்' போன்றவற்றை ஆங்கிலம் எண்ணுவதில்லை, ஒன்றாகவே வைத்துக்கொள்கிறது: "ரைஸ் இஸ் குக்ட் ட்வைஸ் எ டே."

இந்த மூன்றாம் வடிவத்தில் நம்மவர்கள் சறுக்குவது பெரும்பாலும் உச்சரிப்பில். 'வாஷ்ட்' என்பதில் கடைசி 'ட்' வாய்க்குள்ளேயே கரைந்துபோய் "ஆர் வாஷ்" என்று கேட்கிறது. இன்னும் சிலர் எழுத்தைப் பார்த்து 'வாஷெட்', 'குக்கெட்' என்று ஓர் அசையைக் கூட்டிவிடுகிறார்கள். வினை 'ட்' ஒலியில் (ஆங்கிலத்தில் t அல்லது d) முடிந்தால் மட்டும்தான் கூடுதல் அசை வரும்: பெயின்ட் பெயின்டட் ஆகும், நீட் நீடட் ஆகும். க், ப், ஸ், ஷ், ச் போன்ற வல்லொலியில் முடிந்தால் அழுத்தமான 'ட்': குக்ட், பேக்ட், வாஷ்ட், வைப்ட். மற்றவற்றில் மெலிந்த 'ட்': க்ளீன்ட், பாய்ல்ட், சர்வ்ட், ஃப்ரைட்.

ஒழுங்கில்லாமல் மாறும் வினைகளை நூறாக அடுக்கிய பட்டியலைச் சுவரில் ஒட்டி வைக்காதீர்கள். நீங்கள் வேலை செய்யும் இடத்தில் தினமும் கை படுகிற பதினைந்து வினைகள் போதும். கடைக்காரத் தம்பிகளுக்கு நான் தருவது இவை: கட், புட் இரண்டும் மாறாது. செல் 'சோல்ட்' ஆகும், பை 'பாட்', மேக் 'மேட்', கீப் 'கெப்ட்', சென்ட் என்பதில் கடைசி ஒலி மட்டும் இறுகும், பே 'பெயிட்', டேக் 'டேக்கன்', கிவ் 'கிவன்', ரைட் 'ரிட்டன்', ப்ரேக் 'ப்ரோக்கன்', ட்ரைவ் 'ட்ரிவன்', த்ரோ 'த்ரோன்', நோ 'நோன்'. இதில் 'டேக்கன்', 'கிவன்' போல 'ன்' ஒலியில் முடிபவற்றுக்கு இரண்டாம் வடிவம் தனியாக இருக்கிறது. 'இஸ் டுக்', 'இஸ் கேவ்' என்று வந்தால் அங்கே தவறு.

கொடுப்பதைப் பற்றிப் பேசும்போது இரண்டு வழி உண்டு. "தே கிவ் அஸ் லஞ்ச்" என்பதை "லஞ்ச் இஸ் கிவன் டு அஸ்" என்றும் சொல்லலாம், "வி ஆர் கிவன் லஞ்ச்" என்றும் சொல்லலாம். பேச்சில் இரண்டாவதுதான் இயல்பு. எங்கள் தம்பியின் "ஐ ஆம் பெயிட்" இந்த வகை. கஷ்டமாக இருந்தால் "மை சாலரி இஸ்" என்று தொடங்கினாலும் கவுண்டரில் காரியம் நடக்கும். ஆனால் வீட்டு வாடகை, முன்பணம், ஏஜென்ட் கட்டணம் என்று பேச்சு வரும்போது 'ஐ பே', 'ஐ ஆம் பெயிட்' இரண்டையும் குழப்பாமல் சொல்லத் தெரிந்தே ஆக வேண்டும்.

பலகையில் இஸ் இல்லை, வாயில் இருக்க வேண்டும்

பினாங்கில் வாழ்கிறவர்களுக்கு மலாய் ஒரு பெரிய துணை. "டிலாராங் மெரொக்கோக்" என்ற பலகையைப் பார்க்காத நாள் கிடையாது. 2019 ஜனவரி 1 முதல் எல்லா உணவகங்களிலும் புகைக்கத் தடை என்பதால் ஒட்டுக்கடையில்கூட அது தொங்குகிறது. சாலையில் "ஜாலான் டிதுத்துப்", வீட்டு வாசலில் "உன்தோக் டிசேவா". முன்னால் ஒட்டியிருக்கும் அந்த 'டி' நம் 'படு' செய்யும் வேலையைத்தான் செய்கிறது. தடுக்கப்படுகிறது, மூடப்பட்டது, வாடகைக்கு விடப்படுவது. மலாய்ப் பலகையில் 'டி' ஒட்டிய வினையைக் கண்டால் அதை ஆங்கிலப் பாசிவாக மனதுக்குள் சொல்லிப் பாருங்கள். நடந்துபோகிற வழியெல்லாம் பாடம்தான்.

அதே மலாய் ஒரு கெடுதலும் செய்கிறது. அங்கே 'இஸ்' மாதிரி ஒரு சொல் தேவையே இல்லை. தமிழிலும் 'படு' வினைக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. போதாக்குறைக்கு ஆங்கிலப் பலகைகளும் இடத்தை மிச்சம் பிடிக்க 'இஸ்', 'ஆர்' இரண்டையும் வெட்டிவிடுகின்றன: "ரோட் க்ளோஸ்ட்", "கார்ட்ஸ் அக்செப்டட்", "ஸ்மோக்கிங் நாட் அலவுட்". மூன்று பக்கமும் இதையே பார்த்துப் பார்த்து, பேசும்போதும் "சார், ஸ்மோக்கிங் நாட் அலவுட்" என்கிறோம். புரியும்தான். ஆனால் முழு வாக்கியம் மரியாதையாகக் கேட்கும்: "சாரி சார், ஸ்மோக்கிங் இஸ் நாட் அலவுட் ஹியர்." பலகைக்கு வெட்டு, வாய்க்கு முழுசு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு பலகைத் தவறு இந்த ஊரில் கண்ணில் படும்: "வி ஆர் ஓப்பன்ட்." மூடியிருக்கிறது என்பதற்கு 'க்ளோஸ்ட்' என்கிறோமே, அப்படியானால் திறந்திருக்கிறது என்பதற்கு 'ஓப்பன்ட்' தானே என்று எழுதிவிடுகிறார்கள். நிலையைச் சொல்ல ஆங்கிலத்தில் 'ஓப்பன்' என்றே ஒரு சொல் இருக்கிறது. "தி ஷாப் இஸ் ஓப்பன்", "தி ஷாப் இஸ் க்ளோஸ்ட்." தினமும் திறக்கும் செயலைச் சொல்லும்போது மட்டும் "தி ஷாப் இஸ் ஓப்பன்ட் அட் சிக்ஸ் பை மை அங்கிள்" சரி.

நான்காம் படி: 'பை' எப்போது வேண்டும்

பள்ளிப் பயிற்சியில் ஒவ்வொரு பாசிவுக்கும் பின்னால் 'பை' போட்டுப் பழகியிருப்பீர்கள். பேச்சில் பெரும்பாலும் அது தேவைப்படாது. "தி ஃப்ளோர் இஸ் க்ளீன்ட் எவ்ரி நைட்" என்பதோடு நிறுத்தலாம். "பை தி க்ளீனர்" என்று சேர்த்தால் புதிதாக என்ன தெரிந்தது? சொல்வதால் புதுச் சேதி கிடைத்தால் மட்டும் சேருங்கள். தைப்பூசத்தின்போது ஒரு வெளிநாட்டுப் பயணி கேட்டால், "காவடீஸ் ஆர் கேரிட் பை டிவோட்டீஸ் ஹூ ஃபாஸ்ட் ஃபார் மெனி டேஸ்" என்று சொல்லலாம். பல நாள் விரதம் இருக்கும் பக்தர்கள் என்பது அவருக்குத் தெரிய வேண்டிய சேதி. சாலையெங்கும் தேங்காய் உடைபடுவதற்கோ "தௌசண்ட்ஸ் ஆஃப் கோகனட்ஸ் ஆர் ப்ரோக்கன் ஆன் தி ரோட்" போதும்.

'பை' இன்னொரு வேலையும் செய்யும். நேரத்தோடு வந்தால் 'க்குள்' என்று பொருள். "வேஜஸ் ஆர் பெயிட் பை தி மேனேஜர்" என்றால் மேனேஜர் கையால். "வேஜஸ் ஆர் பெயிட் பை தி செவந்த்" என்றால் ஏழாம் தேதிக்குள். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் சம்பளக் காலம் முடிந்து ஏழு நாளுக்குள் சம்பளம் தரச் சொல்கிறது. ஆகவே இந்த இரண்டாவது வாக்கியத்தை மனப்பாடமாகவே வைத்திருங்கள்.

ஆளைச் சொல்லாமல் விடுவது எப்போதும் சரியில்லை. என் வகுப்புக்கு வந்த ஒருவர் உதவி கேட்டு ஓர் அலுவலகத்துக்குப் போய், "மை பாஸ்போர்ட் கெப்ட்" என்றார். அவர் மனதில் இருந்தது, முதலாளி பிடுங்கி வைத்திருக்கிறார் என்ற வேதனை. அதிகாரி காதில் விழுந்தது, பாஸ்போர்ட் பத்திரமாக எங்கோ வைக்கப்பட்டிருக்கிறது என்று. "குட், குட்" என்று சொல்லி அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். மலேசியாவில் 1966ஆம் ஆண்டுக் கடவுச்சீட்டுச் சட்டப்படி, சட்டப்பூர்வ அதிகாரமில்லாமல் இன்னொருவருடைய பாஸ்போர்ட்டை வைத்திருப்பது குற்றம். அப்படிப்பட்ட விஷயத்தில் செய்தவர் யார் என்பதுதான் பேச்சே. அங்கே பாசிவை ஓரங்கட்டிவிட்டு, ஆளை முன்னால் நிறுத்துங்கள்: "மை பாஸ் கீப்ஸ் மை பாஸ்போர்ட். ஹி டஸ் நாட் கிவ் இட் டு மீ." விதியையும் வழக்கத்தையும் சொல்லப் பாசிவ், குறை சொல்லவும் உதவி கேட்கவும் செய்வினை. இதை நான் ஒவ்வொரு புது மாணவருக்கும் முதல் மாதத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

பாசிவ் ஆகாத வினைகள்

செயப்படுபொருள் குன்றிய வினை என்று தமிழிலக்கணத்தில் படித்தது இங்கே உதவும். வா, போ, தூங்கு, நட, வந்துசேர் போன்றவற்றுக்கு 'எதை?' என்ற கேள்வி பொருந்தாது. 'எதை' இல்லையென்றால் முன்னால் கொண்டுவர ஒன்றுமில்லை, பாசிவும் இல்லை. "தி பஸ் இஸ் அரைவ்ட் அட் செவன்" தவறு, "தி பஸ் அரைவ்ஸ் அட் செவன்." "ஆக்ஸிடென்ட்ஸ் ஆர் ஹேப்பன்ட் ஹியர்" தவறு, "ஆக்ஸிடென்ட்ஸ் ஹேப்பன் ஹியர்." விலை சொல்லும்போது "திஸ் இஸ் காஸ்டட் ஃபைவ் ரிங்கிட்" என்று வேண்டாம், "திஸ் காஸ்ட்ஸ் ஃபைவ் ரிங்கிட்." சம்மதம் சொல்ல "ஐ ஆம் அக்ரீட்" அல்ல, "ஐ அக்ரீ."

காலம் தவறினால்

மூன்றாம் வடிவத்தைப் பார்த்ததும் இறந்தகாலம் என்று சிலர் நினைத்துவிடுகிறார்கள். அந்த வடிவத்துக்குக் காலமே கிடையாது. காலத்தைச் சொல்வது முன்னால் நிற்கும் துணைவினைதான். ஜார்ஜ் டவுன் லெபோ குயின் (குயின் தெரு) மகாமாரியம்மன் கோயில் 1833-இல் எழும்பியது, அது முடிந்துபோன செயல்: "தி டெம்பிள் வாஸ் பில்ட் இன் எய்ட்டீன் தர்ட்டி த்ரீ." அதே கோயிலின் வாசல் நாள்தோறும் திறக்கப்படுவது இன்றைய வழக்கம்: "தி டோர்ஸ் ஆர் ஓப்பன்ட் எவ்ரி மார்னிங்." 'எவ்ரி டே', 'யூஷுவலி', 'ட்வைஸ் எ வீக்' மாதிரிச் சொற்கள் வந்தால் 'இஸ்', 'ஆர்'. ஆண்டோ 'யெஸ்டர்டே'யோ வந்தால் 'வாஸ்', 'வேர்'.

கேள்வியும் மறுப்பும்

செய்வினைக் கேள்விக்கு 'டூ', 'டஸ்' வேண்டும். பாசிவுக்கு வேண்டாம், இஸ்ஸையோ ஆரையோ தூக்கி முன்னால் போட்டால் முடிந்தது. "டூ யூ அக்செப்ட் கார்ட்ஸ்?", "ஆர் கார்ட்ஸ் அக்செப்டட்?" இரண்டும் ஒரே சேதி. "இஸ் வாட்டர் இன்க்லூடட் இன் தி ரென்ட்?" வாடகை அறை தேடுகிறவர்கள் இதைக் கட்டாயம் பழகுங்கள். மறுப்புக்கு 'நாட்' போதும்: "சேஞ்ச் இஸ் நாட் கிவன்." "டஸ் நாட் கிவன்" என்று இரண்டையும் கலந்துவிடக் கூடாது.

பயிற்சி: ஒரு தே தாரிக் (ஆற்றிய பால் தேநீர்)

மதியக் கூட்டம் ஓய்ந்த மூன்று மணிக்கு, கல்லாப் பக்கத்தில் நின்றே செய்யக்கூடிய பயிற்சி இது. ஒரு வேலை எப்படி நடக்கிறது என்று படிப்படியாக விளக்கும் இடம் பாசிவின் சொந்த வீடு. பயணிகள் வந்து நின்று, தேத்தண்ணி ஆற்றுவதைப் படம் பிடித்துக்கொண்டே கேட்பார்கள், "ஹவ் இஸ் இட் மேட்?" அந்தக் கேள்வியே பாசிவில் இருக்கிறது, பதிலையும் அதிலேயே சொல்லுங்கள்.

முதலில் தமிழில் வேலையை வரிசைப்படுத்துங்கள். தூளைத் துணி வடிகட்டியில் போடுவாங்க. மேல கொதிதண்ணி ஊத்துவாங்க. கெட்டிப்பால் சேப்பாங்க. அப்புறம் ஒரு குவளையிலிருந்து இன்னொரு குவளைக்குக் கையை உயர்த்தி நாலைந்து தடவை ஆத்துவாங்க. நுரை மேலே நிக்கையில சூடா குடுப்பாங்க. ஐந்து 'வாங்க'. ஐந்தையும் மாற்றினால்:

"டீ டஸ்ட் இஸ் புட் இன் எ க்ளாத் ஸ்ட்ரெய்னர்."
"பாய்லிங் வாட்டர் இஸ் போர்ட் ஓவர் இட்."
"கண்டென்ஸ்ட் மில்க் இஸ் ஆடட்."
"தி டீ இஸ் புல்ட் ஃப்ரம் ஒன் மக் டு அனதர், ஃபோர் ஆர் ஃபைவ் டைம்ஸ்."
"இட் இஸ் சர்வ்ட் ஹாட், வித் தி ஃபோம் ஆன் டாப்."

முதல் வரியில் 'புட்' மாறாமல் நிற்பதைக் கவனியுங்கள். மூன்றாவதில் 'ஆடட்' என்று கூடுதல் அசை வருவதையும், நான்காவதில் 'புல்ட்' என்று அது வராததையும் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். ஐந்து வரியும் தடங்கலில்லாமல் வந்ததும் உங்கள் வேலைக்கு ஏற்ற ஐந்து வரி எழுதுங்கள். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இருப்பவர்கள் ஒரு பெட்டி எப்படிக் கட்டப்பட்டு அனுப்பப்படுகிறது என்று எழுதலாம்; பூக்கடையில் இருப்பவர்கள் ஒரு மாலை எப்படித் தொடுக்கப்படுகிறது என்று.

பயணி அதோடு விடமாட்டார். "ஹவ் மெனி டூ யூ மேக் இன் எ டே?" என்று அடுத்த கேள்வி வரும். இப்போது அவர் கேட்பது தேத்தண்ணியைப் பற்றி அல்ல, உங்களைப் பற்றி. குவளையைக் கீழே வைத்துவிட்டுச் சொல்லுங்கள்: "ஐ மேக் டூ ஹன்ட்ரட் கப்ஸ் எ டே."